பெருசாக்கினால் கட்லா

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் சிலையைக் கரைக்க எங்கள் கல்கத்தா அலுவலகமே வண்டி தேடிக்கொண்டிருந்தது. மாமி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிலையை மேலும் கீழும் பார்த்தார். "இதை எதுக்குக் கரைக்கணும்? அடுத்த வருஷமும் இதே சரஸ்வதிதானே வரப்போறா? ஒரு துணியைப் போத்தி பீரோ மேல ஏத்திட்டா வேலை முடிஞ்சுது" என்றார். என்னிடம் தமிழில் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று அதையே பெங்காலியிலும் சொன்னார். முதலாளியின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. "தேவி என்ன கடைச் சரக்கா மாமி, மிச்சம் பிடிச்சு வைக்க?" என்று கேட்டார். சரஸ்வதி கங்கைக்குப் போய்விட்டாள். வீணை போகவில்லை. மாமி அதைக் கழற்றித் தன் மேஜையில் நிறுத்தி, ஹெட்போனை அதில் மாட்டிக்கொண்டார்.

இருக்கிறதை வைத்து ஒப்பேற்றுவது, மாமி என்றால் அதுதான். அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஆபீசில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லியும் கேட்டதில்லை. வங்காளிகளுக்கும் மாமி, எனக்கும் மாமி, வாசலில் டீ விற்பவருக்கும் மாமி.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோமியோபதிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. ஊரிலுள்ள சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்போம். முதலாளியை எல்லோரும் தாதா என்போம். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். எங்கள் தாதா யாரையும் வெட்டியதில்லை, சம்பள உயர்வை மட்டும்தான் வெட்டுவார். வாடிக்கையாளர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வதும், வாங்கியதை மரியாதையான பாஷையில் மாற்றி உள்ளே சொல்வதும் என் உத்தியோகம். அப்பா தூத்துக்குடியிலிருந்து இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர். அதனால் எனக்கும் கரையில் நின்று கத்துகிறவர்களோடு பழக்கம் உண்டு.

மாமிதான் பக்கங்களைக் கட்டுகிறவர். கைக்குழந்தையாகக் காளிகாட்டுக்கு வந்தவர், அதன் பிறகு ஊரைவிட்டு நகரவில்லை. வீட்டில் பேசுகிற தமிழ் உண்டு, படிக்க வராது. பெங்காலிப் பேப்பரை மரண அறிவிப்பு உட்பட ஒரு வரி விடாமல் படிப்பார். கணவர் மத்திய அரசு உத்தியோகத்தில் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். "எப்ப வரே?" என்று அவர் தினமும் மதியம் போன் செய்வார். "எங்க வரது? ஆபீஸ்ல விட மாட்டேங்கறாளே" என்று மாமியும் தினமும் சொல்வார். யாரும் அவரைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவருக்குப் போக இஷ்டமில்லை, வேறொன்றும் கிடையாது. ஒருநாள் என்னிடமே சொன்னார்: "இங்க மெட்ரோல எவனாவது கால மிதிச்சா நன்னா நாலு வார்த்தை சண்டை போடத் தெரியும். அங்க போனா பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுப் படிக்கணும். இந்த வயசுல எனக்கு அது வேணுமா?" அந்த வேலை அவருக்குச் சம்பளம் மட்டுமல்ல, ஊரில் இருப்பதற்கான சாக்கு. அது போனால் மறுவாரமே ரயிலேற வேண்டியதுதான்.

இனி மாமியின் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இணையப் பக்கத்தில் வீடு, மணி, கூடை என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்குமே, ஐகான்கள், அவற்றை மாமி புள்ளி புள்ளியாக வரைவதில்லை. இங்கிருந்து அங்கே கோடு போடு, அங்கே வளை என்று கணக்காக எழுதி வைப்பார். அப்படி எழுதிய படத்தைக் கடுகளவுக்குச் சுருக்கினாலும் கதவளவுக்கு இழுத்தாலும் மங்காது. ஒவ்வொரு படத்தையும் ஒரே ஒரு இடத்தில் வைத்துவிட்டு, எந்தப் பக்கத்துக்கு வேண்டுமோ அங்கிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார். அளவும் நிறமும் கூப்பிடும்போது சொன்னால் போதும். அந்த இடத்தை "டப்பா" என்பார். எங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரே டப்பா.

சிக்கனக்காரி கையில் இப்படி ஒரு வித்தை கிடைத்தால் என்ன ஆகும்? டப்பாவில் முப்பது நாற்பது படங்கள் சேர்ந்ததும் மாமி புதிதாக வரைவதை நிறுத்திவிட்டார். யார் எது கேட்டாலும், "இருக்கறதை விட்டுட்டு எதுக்குப் புதுசு? ஹொயே ஜாபே" என்பார். ஆகிவிடும் என்று அர்த்தம். ஆகியும்விடும், அதுதான் எரிச்சல். வீட்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் துணிக்கடைக்கு விலைச்சீட்டு. கோப்பையைக் கவிழ்த்தால் பாத்திரக்கடைக்கு மூடி. "என்ன மாமி இப்படிச் செய்யுதீங்க, கேட்டா நான் என்ன சொல்ல?" என்றால், "அவா கழுத்தைச் சாச்சுண்டா பாக்கப் போறா?" என்பார். யாரும் சாய்த்துப் பார்க்கவில்லை.

ஒருமுறை மட்டும் மாட்டிக்கொண்டார். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வெற்றிலைப் படம் கேட்டார்கள். டப்பாவில் ஏற்கெனவே இதயம் இருந்தது, இதய நோய் மருத்துவர் ஒருவருக்காக எப்போதோ வரைந்தது. இதயத்துக்கு ஒரு காம்பு வைத்தால் வெற்றிலை. வைத்தார். பிரதி எடுத்து வைத்திருந்தால் வம்பில்லை. டப்பாவில் இருந்ததற்கே வைத்துவிட்டார். மண்டபத்துக்காரர் மகிழ்ந்து போனார். அன்று சாயங்காலம் டாக்டர் எனக்குப் போன் செய்தார். அவருடைய தளத்தில் இருந்த அத்தனை இதயத்துக்கும் காம்பு முளைத்திருந்தது. ஒரு நோயாளி, நெஞ்சடைப்புக்கு வெற்றிலை கொடுக்கிறீர்களாமே, சுண்ணாம்பு சேர்க்கலாமா என்று கேட்டாராம். டாக்டர் குரலில் இருந்த நடுக்கத்தைப் பார்த்தால் அவருக்கே யாராவது நாடி பிடித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

காம்பை எடுக்க மாமிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தாதாவின் கோபம்தான் இறங்கவில்லை. ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை விலைக்கு வாங்கி, பக்கம் கட்டுகிற வேலையையே வெளியே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். நான் கெஞ்சினேன். அப்போது எங்களிடம் ஒரு மீன் வியாபாரி வந்திருந்தார். அதைக் காட்டி தாதா ஒரு கெடு வைத்தார். "ஜமாய் சஷ்டிக்குள்ள மீன் தளம் ஓடணும், அவர் வாயால நல்லாருக்குன்னு சொல்லணும். இல்லேன்னா மாமி சென்னைக்குப் போய்ப் புருஷனுக்கு சமைக்கட்டும்." ஜமாய் சஷ்டி என்பது மாமியார்கள் மருமகன்களை உட்காரவைத்து மீனாகப் பரிமாறித் தள்ளும் நாள். கல்கத்தா மீன்காரர்களுக்கு அதைவிடப் பெரிய திருநாள் கிடையாது.

சோதனையைப் பாருங்கள், மாமி சுத்த சைவம். சைவமாக இருப்பது குற்றமில்லை. இந்த ஊரில் நடமாட வெளியே வந்தால் நாலு கூடை மீனைத் தாண்டாமல் முடியாது; மாமி அத்தனை வருஷமும் அந்த இடங்களில் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி, தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து தேறியவர். ஒரு மீனைக்கூட முகம் பார்த்ததில்லை.

மீன் வியாபாரிக்கு கடியாஹாட் சந்தையில் மூன்று தலைமுறைக் கடை. வீட்டுக்கே மீன் அனுப்ப ஒரு தளம் வேண்டும் என்று வந்தார். புகைப்படம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். படத்தில் பார்த்த மீன் இதில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சண்டை வருமாம். அதனால் ஒவ்வொரு மீனுக்கும் ஓர் ஐகான். கட்லா, ருயி, ஹில்சா என்கிற இலிஷ், பாப்தா, புண்டி, இறால் என்று சொல்லிக்கொண்டே போனார். மாமி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மறுவாரம் அவரை உட்காரவைத்துப் பக்கத்தைக் காட்டினோம். மாமி ஒரே ஒரு மீன் வரைந்திருந்தார். ஒரு முட்டை வடிவம், ஒரு வால், ஒரு கண். அதைப் பெரிதாக்கிக் கட்லா என்று போட்டிருந்தார். சின்னதாக்கிப் புண்டி. நடுவாந்திரத்தில் ருயி. சாம்பல் பூசினால் இலிஷ். இறால் என்ற இடத்தில் அதே மீனைக் கொஞ்சம் வளைத்திருந்தார்.

மீன்காரர் நெடுநேரம் பார்த்தார். "எட்டா கீ மாச்?" என்றார். இது என்ன மீன்?

"எல்லா மீனும்தான்" என்றார் மாமி பெங்காலியில், பெருமையாக. "பெருசாக்கினா கட்லா, சின்னதாக்கினா புண்டி. கொஞ்சமும் மங்காது, எவ்வளவு வேணாலும் இழுக்கலாம்."

"வளைஞ்சிருக்கே, இதுக்கு வயித்து வலியா?"

"அது இறால்."

நான் தரையைப் பார்த்தேன். தாதா என்னைப் பார்த்தார். மீன்காரர் கோபப்படவில்லை, அதைவிட மோசம், வருத்தப்பட்டார். அவருடைய அப்பாவையே யாரோ அடையாளம் தெரியாமல் போனதுபோல உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "திதி, நாளைக்குக் காலையில சந்தைக்கு வாங்க. வந்து பாருங்க. அப்பறமும் எல்லாம் ஒரே மீன்னு தோணினா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். திதி என்றால் அக்கா. அக்கா என்று கூப்பிட்டதனால் மட்டும்தான் எங்களுக்கு ஒரு நாள் கிடைத்தது.

காலையில் மாமி வந்தார். தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார், கண் மட்டும் வெளியே. தண்ணீரும் செதிலும் மிதிபட்ட தரையில் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மீனுக்கும் எதிரே நின்று பார்த்தார். கட்லாக்கள் தொட்டித் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றின் எதிரில் மாமி உதடு அசைய ஏதோ முணுமுணுத்தார். பாப்தாவுக்கு முன்னால் ஏதோ. இலிஷ் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ. பாவம், குமட்டல் தாளாமல் சாமி பேரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது.

"இந்த இலிஷ் மட்டும் ஏன் தொட்டில இல்லை? இதுக்கு உசிர் இல்லையா?" என்று கேட்டார்.

மீன்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து பதில் சொன்னார். "இலிஷ் தண்ணிய விட்டு வெளிய வந்தா அப்பவே போயிடும் திதி. உசிரோட இலிஷை இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் பாக்க முடியாது. மானமுள்ள மீன்."

மாமி அந்த மீனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தவர் மதியத்துக்குள் முடித்துவிட்டார். உடம்பு அதே பழைய முட்டைதான். தலைதான் வேறு வேறு. கட்லாவுக்குப் பெரிய மொண்ணைத் தலை, பாப்தாவுக்கு மீசை, இலிஷுக்குச் சின்னதாக முன்பக்கம் கூம்பிய முகம். எப்படி இவ்வளவு சீக்கிரம் வரைந்தீர்கள் என்று கேட்டேன்.

"யார் வரைஞ்சா? கட்லாக்கு நம்ம மணியைப் படுக்கப் போட்டேன். பாப்தா மீசை, வைஃபை சின்னத்தைப் பாதியா வெட்டினது. இலிஷ் அந்த டாக்டரோட இதயம், சாச்சு வெச்சா நன்னா மூஞ்சி மாதிரி வரது. சந்தையிலயே பாத்து வெச்சுண்டுட்டேனே. நீ பக்கத்துலதானே நின்னே, நான் ஒவ்வொண்ணா சொல்லிண்டே வந்தேனே?"

அப்படியானால் முணுமுணுத்தது மணி, வைஃபை, இதயம். என் இரக்கத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மீன்காரருக்கு இதெல்லாம் சொல்லவில்லை. கடையிலேயே காட்டச் சொன்னார். மடிக்கணினியைப் பனிக்கட்டிப் பெட்டிமேல் வைத்தோம். அவர் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, மீன் வாங்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இது என்ன மீன் என்று கேட்டார். கட்லா என்றார்கள். பாப்தா என்றார்கள். மாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நகம் பதிந்தது. இலிஷ் வந்தது. ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இது பத்மா இலிஷ்" என்றார். பின்னால் நின்றவர், "பத்மாவா? வயித்தைப் பாருங்க, கங்கை இலிஷ்" என்றார். "நீங்க எத்தனை பத்மா இலிஷ் சாப்பிட்டிருக்கீங்க?" என்றார் பெரியவர். மூன்றாவதாக ஒரு அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே புகுந்தார். ஒரு டாக்டரின் இதயத்தைக் குறுக்கே சாய்த்து வைத்ததற்கு நதி பிரித்து அடித்துக்கொண்டார்கள். மீன்காரருக்கு முகமெல்லாம் பல். இலிஷா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, எந்த ஆற்று இலிஷ் என்பதுதான் சண்டை. கல்கத்தாவில் ஒரு மீனுக்கு அதற்கு மேல் சான்றிதழ் தேவையில்லை. தளத்தை ஓடவிடச் சொல்லிவிட்டார்.

இதோடு சுபமாக முடிந்திருக்கவேண்டும். ஆனால் டப்பா ஒன்றுதானே. சஷ்டிக்கு முந்தின நாள் அந்த டாக்டர் கேட்டார், புதிதாக யாராவது நேரம் பதிவு செய்தால் மணி கொஞ்சம் ஆடவேண்டும் என்று. மாமி ஆடவைத்தார். இந்த முறையும் டப்பாவில் இருந்த மணியையே.

சஷ்டி காலையில் மீன்காரர் போன். மீன் தளத்தைத் திறந்து பார்த்தேன். அத்தனை கட்லாவும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. மாமி எட்டிப் பார்த்தார், "போச்சுடா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வீணையிலிருந்து ஹெட்போனை எடுத்துப் பைக்குள் வைத்தார். மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். தாதா வந்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

மீன்காரர் சந்தோஷத்தில் கத்தினார். காலையிலிருந்து கட்லா பறக்கிறதாம். ஜ்யாந்தோ, உயிரோடிருக்கிற கட்லா, என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் வாங்குகிறார்களாம். "திதி, என்ன மூளை உங்களுக்கு. இப்பவே இலிஷையும் இதே மாதிரி ஆட விடுங்க. என் தம்பி கடை, மச்சான் கடை, எல்லாருக்கும் தளம் நீங்கதான் பண்ணித் தரணும்."

தாதா இரண்டு கையையும் தூக்கி, சரி சொல், சரி சொல் என்று மாமிக்குச் சைகை காட்டினார். ஒரு வரி எழுதினால் போதும். இலிஷின் தலையாக இருந்த இதயத்தை ஆடவிட்டால், இதயம் துடிக்கிறது என்று டாக்டரும் சந்தோஷப்பட்டிருப்பார். மாமி வாயிலிருந்து அந்த வழக்கமான "ஹொயே ஜாபே" வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"ஹொபே நா" என்றார் மாமி. ஆகாது.

அத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. தாதா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கட்லா உங்க கடையில உசிரோடதான் இருந்தது, நானே பாத்தேன். அது ஆடட்டும்" என்றார் மாமி போனில். "இலிஷ் எந்தக் கடையிலயும் ஆடாதுன்னு நீங்கதானே சொன்னேள்? மானமுள்ள மீன்னேளே. இல்லாத உசிரை நான் போட மாட்டேன். வேற ஆளை வேணா பாத்துக்கோங்கோ."

மாமி வீணையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். காளிகாட்டு வீடு, மெட்ரோ சண்டை, பெங்காலிப் பேப்பர், எல்லாவற்றையும் ஒரு செத்த மீனுக்காகப் பந்தயம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ தடவை அவரைக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

"சரியாப் போச்சு" என்றார் மீன்காரர் கடைசியில், குரல் இறங்கி. "ஆடற இலிஷைப் போட்டிருந்தா இன்னிக்கு எல்லா மாமியாரும் செருப்போட கடைக்கு வந்திருப்பாங்க. பேராசைல மறந்துட்டேன். மீனே தின்னாத ஒருத்தர் எனக்கு இலிஷ் பாடம் எடுக்க வேண்டியதாப் போச்சு. இலிஷ் படுத்தே கிடக்கட்டும் திதி. தம்பி கடை வேலையை எப்ப ஆரம்பிக்கறீங்க?"

தாதா தன் அறைக்குப் போய்விட்டார். ஆயிரம் படத் தொகுப்பு பற்றிய பேச்சு பிறகு எழவில்லை.

மதியம் கடையிலிருந்து ஒரு தெர்மோகோல் பெட்டி வந்தது. பனிக்கட்டிக்கு நடுவே ஒரு இலிஷ். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "தலையை சரியாத்தான் வெச்சிருக்கேன்" என்றார். "மீனை நீ எடுத்துண்டு போ. பெட்டியை அலம்பிக் கொண்டு வந்து குடு, வெயில்ல தயிர் புளிச்சுப் போறது வீட்டுல, அதுக்கு ஆகும்."

அப்போதுதான் சென்னையிலிருந்து வழக்கமான போன் வந்தது. மாமி ஹெட்போனைப் பையிலிருந்து எடுத்து மறுபடி வீணையில் மாட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தார்.

"எங்க வரது?" என்றார் சைவ வீட்டு மனிதரிடம், குரல் நிறைய நிம்மதியோடு. "இங்க மீன் வேலை தலைக்கு மேல கெடக்கு."